கிட்ட இருந்த தூர தேசம்

தூர தேசத்துக் கடற்கரை வீதிகளில் மோட்டார் வண்டி ஓட்டிச் சென்ற தம்பதிகளின் பிரயாணக் கதைகளை வாசிப்பதில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரே விதமான ஆசை. அண்மையில் அவுஸ்திரேலியாவின் தென்கரையில் 243 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் பெருஞ் சமுத்திர வீதியைப் பற்றி வாசித்தோம். முதலாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய போர்வீரர்கள், மாண்டுபோன தோழர்களின் ஞாபகார்த்தமாக 1919 முதல் 1932 வரை, பெரும்பாலும் மண்வெட்டியாலும் கைக்கோடரியாலும் பாறையை வெட்டி அமைத்த வீதி அது. வாசித்து முடித்ததும், "நாமும் ஒரு தூர தேசத்துக்குப் போய் வந்தோமே, அதை எழுதினால் என்ன?" என்றாள் என் மனைவி.

நேயர்கள் திகைக்க வேண்டாம். நாங்கள் கப்பலும் ஏறவில்லை, விமானமும் ஏறவில்லை. காலையில் பள்ளிவாசல்துறையில் புறப்பட்டு, பகல் சாய்வதற்குள் சென்றடைந்த அந்தத் தூர தேசத்தின் பெயர் மன்னார்த் தீவு.

மாணவர்கள் இலங்கைப் படத்தை விரித்துப் பார்க்கலாம். எங்கள் கற்பிட்டிக் குடாநாடு வடக்கு நோக்கி ஒரு விரலைப்போல நீண்டிருக்கிறது. அந்த விரல் சுட்டும் திசையில், கடலுக்கு அப்பால், நேர்கோட்டில் 80 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் மன்னார் இருக்கிறது. அங்குள்ள எருக்கலம்பிட்டி என் மனைவி பிறந்த ஊர்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதப் பிற்பகுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் சில நாள்களுக்குள், சில இடங்களில் சில மணித்தியாலங்களுக்குள், ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் தொகை ஏறத்தாழ 75,000 என்பர். மன்னார்த் தீவில் இருந்தவர்களில் மிகப் பலர் படகுகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அப்படி இறங்கியவர்களில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவளுடைய தாயார் வீட்டுத் திண்ணையில் பாதி இழைத்த பாயொன்றை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "இரண்டு முழம்தான் மிச்சம்" என்று அவர் பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2002இல் போர்நிறுத்தம் வந்தபோது சிலர் ஊரைப் போய்ப் பார்த்து வந்தார்கள். மாமி மறுத்துவிட்டார். "போவதற்குப் பயமில்லை. பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குத்தான் எனக்குப் பலமில்லை" என்றார். தாய் போகாத இடத்துக்கு மகளும் போகவில்லை. போர் 2009இல் முடிந்தது. அடுத்த வருஷம் மாமியும் கண்ணை மூடிவிட்டார்.

அதன் பிறகு, 2012 செப்டெம்பரில் ஒரு நாள், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, இரவல் வாங்கிய சிறு வான் ஒன்றில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம். பிள்ளைகளை என் தாயாரிடம் விட்டிருந்தோம். பாலாவியில் உப்பளங்கள் வெண்மையாய்க் கிடந்தன. புத்தளத்தில் தேநீர் அருந்தினோம். 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய பத்தாலா இந்தப் புத்தளமே என்பர். எழுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடந்தோம். மாரியில் பெருக்கெடுத்து வழியை மறிக்கும் அந்த ஆறு, அன்று சாதுவாக இருந்தது.

அதற்கப்பால் வில்பத்துக் காடு. 1938 முதல் தேசிய வனப் பூங்காவாக இருந்து வரும் அக்காட்டின் ஊடே செல்லும் பழைய மன்னார் வழி, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. திறந்தது தகாதென்று சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. காட்டுக்கும் அதன் உயிர்களுக்கும் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வழி இல்லையேல் அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றியே மன்னாரை அடைய வேண்டும். செம்மண் புழுதியில் மெல்ல ஊர்ந்தோம். மயில்கள் வழிவிட மறுத்தன. இடையே பொம்பரிப்பு, ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிடும் முதுமக்கள் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடம்.

மறிச்சுக்கட்டியைத் தாண்டிச் சிலாவத்துறையை அடைந்தபோது கடல் தெரிந்தது. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற கரை இது. அரிப்பில் இறங்கினோம். ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை, கடல் அரித்த மேட்டில் எலும்புக்கூடாக நின்றது. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் தப்பி, அருவியாற்றின் வழியே வந்து இந்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில்தான் புகலடைந்தார். அக்கதையைச் சொன்னேன். கையில் இருந்த இடியப்பப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தவள், "அவருக்குப் பத்தொன்பது வருஷம்; எனக்கு இருபத்திரண்டு" என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

வங்காலையைக் கடந்து, 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மேல் வான் ஏறியது. இரு புறமும் ஆழமற்ற நீர் வெயிலில் மின்னியது. அப்போது அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "இவ்வளவு கிட்டவா இருந்தது?"

எருக்கலம்பிட்டியில் அவர்கள் வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் இருந்தன. திண்ணை இருந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. அவள் கிணற்றில் ஒரு வாளி நீர் மொண்டு, முகம் கழுவி, ஒரு மிடறு குடித்தாள். ஊர் திரும்பிவிட்ட உறவினர் வீட்டில் பகற்சோறு. விடைபெறும்போது வீட்டுக்கார ராத்தா, "இனி எப்போது வந்து இருக்கப் போகிறாய்?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் வெங்காயத் தோட்டம் கற்பிட்டி மணலில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே. மாமியின் கபுறும் அங்கே. பதில் சொல்ல எங்கள் இருவராலும் முடியவில்லை.

இரவு வீடு சேர்ந்தபோது, தாய் அன்று படகேறிய அதே வயதிலிருந்த எங்கள் மூத்த மகள், "உம்மா, உங்கள் ஊர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். "கிணற்று நீர் நன்றாக இருக்கிறது" என்றாள் அவள். அதன் பிறகு, மாமி இறந்த நாள் முதல் வாய்விட்டு அழாதவள் அழுதாள். நான் தடுக்கவில்லை.

ஊரை இழந்தவரிடம் "திரும்பிப் போய்விடுங்கள்" என்று சொல்வதும் எளிது. "பழையதை மறந்துவிடுங்கள்" என்று சொல்வதும் எளிது. இரண்டும் நாம் சொல்லத் தக்கவை அல்ல. போவதா இருப்பதா என்பது அவர்களே தீர்க்க வேண்டிய கணக்கு. நம்மால் இயன்றது ஒன்றுண்டு. ஒரு முறையேனும் அவர்களை அழைத்துச் சென்று, அவர்கள் கிணற்றடியில் நிற்கும் வரை பேசாமல் பக்கத்தில் நிற்கலாம். உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த விடுமுறைப் பிரயாணத்தை அவருடைய ஊருக்கென்று வையுங்கள்.

அந்தப் பிரயாணத்தின் பின் என் மனைவி ஓலை வாங்கி வந்து பாய் இழைக்கத் தொடங்கினாள். தாயார் சொல்லிக்கொடுத்த கைப்பழக்கம் விரல்களில் மிஞ்சியிருந்தது. முதற்பாய் இரண்டு முழம் மட்டும் வந்தது. அதற்குமேல் நீட்ட அவள் விரும்பவில்லை. அதைச் சுருட்டி அலுமாரியின் மேல் வைத்திருக்கிறாள்.