தலைமையாசிரியர் வாசிக்கும் பட்டியல்

தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கொரு மேலாண்மைக் குழு. குழுவுக்குக் குறைந்தது 15 பெற்றோர். கணக்குப் போட்டால் ஐந்தரை லட்சம் பேர். ஊராட்சி வார்டு உறுப்பினரில் தொடங்கி மாநகராட்சி மன்ற உறுப்பினர்வரை உள்ளாட்சியில் நாம் தேர்ந்தெடுக்கும் எல்லோரையும் கூட்டினாலும் இதில் பாதியைத் தொடாது. இவ்வளவு பெரிய தேர்தலில் வாக்குச்சீட்டு இல்லை, பிரச்சாரம் இல்லை, பெரும்பாலான ஊர்களில் போட்டியும் இல்லை. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘தலைவர் ஒருமனதாகத் தேர்வு’ என்று ஒரு வரி வந்தால் உண்டு.

இந்த ஒருமனது எப்படி உருவாகிறது என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு பட்டியல் தயாராகிவிடும். கூப்பிட்டால் வரக்கூடியவர், பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர், கையெழுத்துக் கேட்டால் காரணம் கேட்காதவர் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெயர்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோருக்கும் இடம் இருக்க வேண்டும் என்ற விதிகளும் அதில் சரியாகப் பொருந்தியிருக்கும். தலைமையாசிரியர் பெயர்களை வாசிப்பார். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்பார். கை தட்டுவார்கள்.

தலைமையாசிரியரை வில்லனாக்குவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. அன்று மாலைக்குள் உறுப்பினர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும் என்பது அவருக்கு வந்திருக்கும் உத்தரவு. தேர்தல் என்று அறிவித்துவிட்டுக் காத்திருந்தால் எத்தனை பேர் வருவார்கள், அதில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. பட்டியல் போடுவது அவருக்கு ஒரு நிர்வாகத் தேவை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-வது பிரிவு இந்தக் குழுவுக்கு முதல் வேலையாகச் சொல்வது, பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, அரசும் பிறரும் தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அடுத்தவை. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவரே தலைவர். தலைமையாசிரியர் பதவி வழியில் வரும் உறுப்பினர், கூட்டத்தைக் கூட்டுபவர். பள்ளியை நடத்துபவர்களைப் பள்ளியால் பயன்பெறுபவர்கள் கண்காணிக்கட்டும் என்பதே சட்டத்தின் கருத்து. நடைமுறையில், யார் கண்காணிக்கப்பட வேண்டுமோ அவரே தேர்தல் நடத்துகிறார், அவரே வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார், முடிவையும் அவரே அறிவிக்கிறார். குழுவைப் புதிதாக மறுகட்டமைக்கும் நாளில் வெளியிலிருந்து பார்வையாளர் வருவதுண்டு. அவர் பார்ப்பார், நடத்துவது அவரில்லை.

பள்ளியும் ஊரும் சேர்ந்து இயங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. காமராஜர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் மக்களை நிலமும் கட்டடமும் மேசை நாற்காலியும் கொடுக்க வைத்தன. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. இந்த மரபில் பெற்றோர் கொடுப்பவர். கொடுத்தவருக்கு மேடையில் மாலை மரியாதை உண்டு. கல்வி உரிமைச் சட்டம் கேட்பது வேறொன்று. கொடுக்க எதுவும் இல்லாத பெற்றோரும் கேள்வி கேட்கலாம் என்கிறது அது. கொடையாளியை வரவேற்கத் தெரிந்த பள்ளிகளுக்குக் கேள்வி கேட்பவரை எங்கே உட்கார வைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. பல ஊர்களில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆளுங்கட்சிப் பிரமுகராகவும், மேலாண்மைக் குழுத் தலைவர் நூறு நாள் வேலைக்குப் போகும் தாயாகவும் இருக்கிறார்கள். விழா மேடையில் யாருக்கு நாற்காலி போடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

2022-இல் அரசு இதை மாற்ற முயன்றது. ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் அந்த ஆண்டு மார்ச்சில் மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டங்கள் நடந்தன. குழுக்கள் 20 உறுப்பினர்களுடன் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவர் பொறுப்பில் தாய்மார்கள் அமர்த்தப்பட்டார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். குழு என்று ஒன்று இருப்பதே தெரியாதிருந்த ஊர்களில் கூட்டம் நடக்கிறது, தீர்மானம் எழுதப்படுகிறது, கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் வழி பிறக்கிறது. உறுப்பினர்கள் வருகிற முறை மட்டும் மாறவில்லை.

பெற்றோர் ஏன் போட்டியிட வருவதில்லை என்று கேட்டால் ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற பதில் அதிகாரிகளிடம் தயாராக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வார்டு தேர்தலில் ஒரு வாக்கு இரண்டு வாக்கு வித்தியாசத்துக்காக மறு எண்ணிக்கை கேட்கும் ஊர்கள்தாம் இவை. வராததற்குக் காரணங்கள் இருக்கின்றன. வேலை நாளில் நடக்கும் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போகும். அதை ஈடுகட்ட யாரும் இல்லை. அடுத்தது பயம். “நம்ம புள்ள அங்கதானே படிக்கணும்” என்ற ஒற்றை வாக்கியத்தில் எத்தனையோ கேள்விகள் அடங்கிப் போகின்றன. எல்லோர் முன்னிலையிலும் கையைத் தூக்கி, தலைமையாசிரியர் சொன்ன பெயருக்கு எதிராக இன்னொரு பெயரைச் சொல்வது, பிள்ளையை நாளைக்கும் அதே வகுப்புக்கு அனுப்ப வேண்டிய தாய்க்குச் சின்ன விஷயமில்லை. ரகசிய வாக்கெடுப்பு என்ற ஏற்பாட்டை உலகம் கண்டுபிடித்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

அதிகாரம் இருக்கும் பதவிக்குத்தான் போட்டி வரும் என்பது மூன்றாவது காரணம். இதற்கு நம் அண்மை வரலாற்றிலேயே சான்று உண்டு. 2022 கோடையில் 13,331 தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழுக்கள் வழியாக நியமிக்க அரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத குழுக்களின் மீது உடனே கவனம் திரும்பியது. உள்ளூர்ச் செல்வாக்குக்கும் பணத்துக்கும் வழி திறக்கும் என்று எதிர்ப்பு எழுந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், இடைக்காலத் தடையும் வந்தது. பின்னர் நெறிமுறைகள் திருத்தப்பட்டன. அந்த அச்சம் நியாயமானதே. ஒரு நியமனத்தைக் கையில் கொடுத்தால் கறைபடும் என்று நாமே நம்பும் குழுவை, அது அமையும் நாளில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஏன் யாரும் வழக்குப் போடவில்லை?

அதிகாரத்தைத் துணிந்து கொடுத்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளுக்காக 1988-இல் இயற்றிய சட்டம் பள்ளிதோறும் ஒரு மன்றத்தை உருவாக்கியது. பெற்றோர் ஆறு பேர், வட்டார மக்கள் இருவர், ஆசிரியர்கள் இருவர், பள்ளி முதல்வர் என்பது அதன் அமைப்பு. முதல்வரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துவதும் நீட்டிப்பதும் மறுப்பதும் அந்த மன்றத்தின் கையில். 1989 அக்டோபரில் 500-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்த முதல் தேர்தலில் இடங்களைவிடப் பல மடங்கு வேட்பாளர்கள் நின்றார்கள். அடுத்தடுத்த தேர்தல்களில் வேகம் குறைந்தது. பல பள்ளிகளில் போட்டியில்லாமல் இடம் நிரம்பியது, சில இடங்கள் காலியாகவும் கிடந்தன. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, அங்கேயும் அப்படித்தான்’ என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். போட்டியில்லாமல் வந்த பெற்றோருக்கும் அங்கே முதல்வரை மாற்றும் வாக்கு இருக்கிறது.

அதைவிட நமக்கு நெருக்கமான பாடம் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி முடிந்தபின் வந்த 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி, ஆட்சிக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லோரையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவராவது கூடுதலாக இருக்க வேண்டும். தலைவர் பெற்றோராக இருப்பதோடு, அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்காதவராகவும் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல், ரகசிய வாக்கு. நான் கவனிக்கச் சொல்வது இன்னொரு ஏற்பாட்டை. பல மாகாணங்களில் ஒரு பள்ளியின் தேர்தல் அலுவலராக வேறொரு பள்ளியின் முதல்வரே வருகிறார். இதற்குப் பெரிய செலவில்லை, புதிய பதவி உருவாக்கத் தேவையில்லை. கிழக்குத் தெரு பள்ளித் தேர்தலை மேற்குத் தெரு பள்ளித் தலைமையாசிரியர் நடத்துவார், அவ்வளவுதான்.

அங்கே எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பு வெள்ளையருக்கென்று இருந்த பள்ளிகளில், வசதியுள்ள பெற்றோர் ஆட்சிக் குழுவைக் கைப்பற்றி, பயிற்றுமொழியையும் சேர்க்கை விதிகளையும் வேலியாக்கிக் கறுப்பினக் குழந்தைகளை வெளியே நிறுத்தினார்கள் என்ற புகார் ஓயவில்லை. எர்மெலோ என்ற ஊரின் பள்ளி தொடர்பான வழக்கு 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. 2024-இல் சட்டத்தைத் திருத்தி, அந்த அதிகாரங்களின் மீது கல்வித் துறைக்கு இறுதிச் சொல் தர வேண்டி வந்தது. தேர்தல் வைத்தால் வலுத்தவர்களே வருவார்கள் என்ற அச்சம் நம் ஊரில் சாதியின் வடிவில் நிற்கிறது. ஆகவே ஒதுக்கீட்டு இடங்களில் கைவைக்கவே கூடாது. அந்த இடங்களுக்கு வருபவர்களையும் அந்தப் பிரிவுப் பெற்றோரே சீட்டில் எழுதித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம். பட்டியலினத் தாய் ஒருவரைத் தலைமையாசிரியர் தன் வசதிக்காகத் தேர்ந்தெடுப்பது, ஒதுக்கீட்டின் எண்ணிக்கையை நிறைவேற்றி நோக்கத்தைக் கைவிடுவது.

இங்கிலாந்து இந்த விஷயத்தில் பழைய கை. 1980-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலிருந்தே பள்ளி ஆட்சிக் குழுவில் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் இருந்து வருகிறார்கள். வாக்கு ரகசியமானது. வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பலாம். விரும்பினால் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம் என்கின்றன விதிகள். கூலி போகுமே என்று வரமுடியாத நம் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான வழி உண்டா? புத்தகப் பையில் மூடிய உறை ஒன்று வந்தால் போதும். 2016-இல் அந்நாட்டு அரசு, அரசு நிதியில் தன்னாட்சியாக நடக்கும் அகாடமி பள்ளிகளில் பெற்றோர் உறுப்பினர் கட்டாயமில்லை, திறமை உள்ளவர்கள் இருந்தால் போதும் என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் பின்வாங்கியது. ‘படிக்காத தாய்க்கு நிதி அறிக்கை புரியுமா?’ என்று இங்கே கேட்கப்படுவதன் சீமைப் பதிப்பு அது. மதிய உணவில் முட்டை வந்ததா, கணக்கு வாத்தியார் வந்தாரா என்பதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு தேவையில்லை.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்மையிலேயே கடினமானது. இருபது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் அண்ணன் தங்கைகளைக் கழித்தால் பதினைந்து குடும்பங்கள் தேறலாம். அங்கே 15 பெற்றோரைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்றால் தேர்தலுக்கு இடமே இல்லை, ஊரே குழு. இப்படிப்பட்ட பள்ளிகள் நம்மிடம் ஏராளம். அங்கே தலைவர் பதவிக்கு மட்டுமாவது ரகசிய வாக்கெடுப்பு வைக்கலாம். குழுவின் வங்கிக் கணக்கில் தலைமையாசிரியரோடு சேர்ந்து கையெழுத்திடுபவர் அவர்தான். அந்தக் கையெழுத்தை அவர் படித்துப் பார்த்துப் போடுகிறாரா, அவருடைய கணவர் வந்து போட வைக்கிறாரா என்பதில்தான் குழுவின் உயிர் இருக்கிறது. பெண் ஊராட்சித் தலைவர்களின் கணவர்களை நாம் முப்பது ஆண்டாகப் பார்த்து வருகிறோம். தன் சக தாய்மார்களின் வாக்கில் வென்றுவந்த பெண்ணுக்கு, கணவரை வாசலிலேயே நிறுத்தும் துணிவு சற்றுக் கூடுதலாக வரும்.

இவ்வளவும் அரசுப் பள்ளிகளைப் பற்றியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சுருக்கிவிட்டது. அரசு நிதி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-வது பிரிவே பொருந்தாது. மாதக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழுதான் மிச்சம். அதிலும் நிர்வாகி மட்டுமே பதிவிட முடியும்.

2024 ஆகஸ்டில் அமைந்த குழுக்களின் காலம் இரண்டு ஆண்டுகள். அடுத்த மறுகட்டமைப்புக்கான சுற்றறிக்கையில் பள்ளிக் கல்வித் துறை இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும். வாக்கெடுப்பு ரகசியமாக, வீட்டிலிருந்தே சீட்டு அனுப்பும் வசதியுடன் நடக்க வேண்டும். அதை நடத்துபவர் வேறொரு பள்ளியின் தலைமையாசிரியராக இருக்க வேண்டும். சுற்றறிக்கை வராவிட்டாலும் பெற்றோர் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பெயர்கள் வாசிக்கப்பட்டு “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்கும்போது, “சீட்டு எழுதிப் போடலாம், சார்” என்று ஒருவர் எழுந்து சொல்லுங்கள். பட்டியலைப் படித்து முடித்தாலே தேர்தல் முடிந்தது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.