கதவு திறந்திருக்கட்டும்

ஹைதராபாத் பேகம்பேட்டில் உள்ள ஒரு பள்ளிவாசலை முதல் முறை பார்ப்பவர்கள் மாதா கோயில் என்றே நினைத்துவிடுகிறார்கள். வழக்கமான பெரிய குவிமாடத்துக்குப் பதிலாகக் கூரான கோபுரங்கள். நிஜாம் அரசில் பிரதமராக இருந்த பைகா பிரபு விகார்-உல்-உம்ரா, ஸ்பெயினில் கோர்டோபா நகரத்துப் பழைய மசூதியைப் பார்த்து மயங்கி, அந்தச் சாயலில் கட்டத் தொடங்கியது அது. 1906ல் முடிந்தது. ஊரார் வைத்த பெயர் 'ஸ்பானிஷ் மசூதி'. அந்தக் கோர்டோபா மசூதியோ 1236லேயே கிறிஸ்தவ தேவாலயமாகிவிட்டது. ஐரோப்பாவில் தேவாலயமாகிப்போன மசூதி, தக்காணத்தில் தேவாலயம் போலத் தோன்றும் மசூதியாக மறுபடி எழுந்திருக்கிறது.

அதே பிரபு அதே பேகம்பேட்டில் கட்டிய பைகா அரண்மனையின் கதை இன்னும் சுவையானது. 2008லிருந்து 2023 மார்ச் வரை அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகம் இயங்கியது. பிறகு நானக்ராம்குடாவில் கட்டிய புதிய வளாகத்துக்கு இடம் மாறியது. ஹைதராபாத்தில் தூதரகம் திறக்கப்படும் என்ற அறிவிப்பு 2006 மார்ச்சில் அதிபர் ஜார்ஜ் புஷ் வந்தபோது வெளியானது. அன்று பழைய நகரில் கறுப்புக் கொடி. இராக் போருக்கு எதிராகக் கோஷம். சில ஆண்டுகளில் அதே ஊர் இளைஞர்கள் கையில் கோப்புகளோடு பைகா அரண்மனை வாசலில் விசாவுக்கு வரிசையில் நின்றார்கள்.

இதை இரட்டை வேடம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலிக்கு இதில் ஒன்றுமில்லை. ஒரு நாட்டின் குண்டுவீச்சை வெறுப்பவன் அதன் பல்கலைக்கழகத்தை விரும்பலாம். முஸ்லிம் நாடுகளுக்கும் மேற்கத்திய நாடுகளுக்கும் இடையிலான பகையைத் தணிக்க வழி தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1993ல் சாமுவேல் ஹண்டிங்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'நாகரிகங்களின் மோதல்' பற்றி எழுதியதிலிருந்து, இந்தப் பகை மதத்தோடு பிறந்தது, மாறாதது என்ற எண்ணம் பரவிவிட்டது. நடப்பு அதற்கு ஒத்துவரவில்லை. 1980 முதல் 1988 வரை எட்டு ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்று குவித்த இராக்கும் ஈரானும் முஸ்லிம் நாடுகள். துருக்கி 1952 முதல் நேட்டோ உறுப்பினர். மோதிக்கொள்பவை அரசுகள். அரசுகளின் மோதலுக்குச் சில நடைமுறை மருந்துகள் உண்டு.

முதல் மருந்து, தூதரகத்தை மூடாமல் இருப்பது. 1979 நவம்பர் 4ல் டெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினார்கள். 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1980 ஏப்ரலில் அமெரிக்கா உறவை முறித்தது. அதிலிருந்து டெஹ்ரானில் அமெரிக்கர்களின் நலனைக் கவனிப்பது சுவிட்சர்லாந்து. வாஷிங்டனில் ஈரானின் நலனைக் கவனிப்பது பாகிஸ்தான். தண்டனை யாருக்கு? அமெரிக்காவில் உள்ள மகனைப் பார்க்க விரும்பும் ஈரானியத் தாய் விசாவுக்காகத் துபாய்க்கோ அங்காராவுக்கோ போக வேண்டியிருந்தது. 1979-80ல் அமெரிக்காவில் படித்த ஈரானிய மாணவர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே அதிகம். சமீப ஆண்டுகளில் அது சுமார் 12 ஆயிரம். பகை அரசுகளுக்கு, இழப்பு வகுப்பறைகளுக்கு. ஹைதராபாத்தில் பஞ்சாரா ஹில்ஸில் ஈரானும் நானக்ராம்குடாவில் அமெரிக்காவும் துணைத் தூதரகம் வைத்திருக்க முடிகிறது. ஒருவர் தலைநகரில் மற்றவர் வைக்க முடியவில்லை.

இரண்டாவது, பேச மறுக்காமல் இருப்பது. 2005 செப்டம்பரில் டென்மார்க் பத்திரிகை ஒன்று நபிகள் நாயகத்தைக் கேலிச் சித்திரங்களாக வரைந்தது. அடுத்த மாதம் 11 முஸ்லிம் நாட்டுப் பிரதிநிதிகள் டென்மார்க் பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பத்திரிகைச் சுதந்திரத்தில் அரசு தலையிட முடியாது என்று சொல்லி அவர் சந்திக்க மறுத்தார். தலையிட முடியாது என்பது சரி. அதை நேரில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் டென்மார்க் எதையும் இழந்திருக்காது. 2006 பிப்ரவரியில் டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் டென்மார்க்கின் தூதரக அலுவலகங்கள் எரிந்தன. தீ வைத்தவர்களின் குற்றம் இதனால் குறையாது. ஒரு மணி நேரச் சந்திப்பு எவ்வளவு மலிவான காப்பீடு என்பதுதான் பாடம்.

இதன் மறுபக்கமும் உண்டு. அது சென்னையிலேயே நடந்தது. 2012 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஒரு தனி நபர் எடுத்த மட்டமான படம் ஒன்று இணையத்தில் பரவியது. அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மீது கல் விழுந்தது; விசா வேலை தடைபட்டது. படம் எடுத்தவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. நேர்காணலுக்காகக் காத்திருந்த மாணவர்களுக்குத்தான் அலைச்சல். ஒரு தனி மனிதனின் அசிங்கத்துக்கு ஒரு நாட்டையே பொறுப்பாக்கக் கூடாது என்று மேற்கு கேட்பது நியாயம். ஒரு பயங்கரவாதியின் குற்றத்துக்கு ஒரு மதத்தையே பொறுப்பாக்கக் கூடாது என்று முஸ்லிம்கள் கேட்பதும் அதே நியாயம்தான். 2017 ஜனவரியில் டிரம்ப் அரசு ஏழு முஸ்லிம் நாட்டவரை ஒட்டுமொத்தமாகத் தடுத்தபோது அந்த நியாயம் மறந்துபோனது. அந்தத் தடை 2021ல் நீங்கியது. 2025 ஜூனில் 12 நாடுகளுக்கு மீண்டும் தடை வந்தது. அதில் பாதிக்கும் மேல் முஸ்லிம் நாடுகள்.

மூன்றாவது, தகுந்த நடுவர். டெஹ்ரான் பிணைக்கைதிகளை விடுவிக்கப் பாலமாக இருந்தது அல்ஜீரியா. 2015ல் ஈரானுடன் அணு ஒப்பந்தம் ஏற்பட முதல் ரகசியப் பேச்சுகளுக்கு இடம் கொடுத்தது ஓமன். தாலிபானும் அமெரிக்காவும் 2020ல் கையெழுத்திட்டது கத்தாரின் தோஹாவில். இரு தரப்பிலும் தொலைபேசியை எடுக்கிறவர்கள் இருக்கிற நாடுகள் இவை.

நான்காவது, பகையைப் பகுத்துப் பார்ப்பது. இதற்குச் சிறந்த உதாரணம் அதிகம் பேசப்படாத ஒரு நீதிமன்றம். 1981 அல்ஜியர்ஸ் உடன்பாட்டின்படி ஹேக் நகரில் ஈரான்-அமெரிக்க உரிமைக்கோரல் தீர்ப்பாயம் அமைந்தது. ஈரான் நியமித்தவர் 3, அமெரிக்கா நியமித்தவர் 3, பொதுவானவர் 3 என 9 நீதிபதிகள். வெளியே இரு அரசுகளும் ஒன்றையொன்று சபித்துக்கொண்டிருந்தபோதே, உள்ளே 3,900க்கும் மேற்பட்ட வழக்குகள் முடிக்கப்பட்டன. தீராத பெரிய சண்டை ஒருபுறம் இருக்க, தீரக்கூடிய பணத் தகராறுகளைத் தனியே பிரித்துத் தீர்த்தார்கள்.

ஐந்தாவது, கண்ணில் தெரியும் உதவி. 2003 டிசம்பரில் ஈரானின் பாம் நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானபோது அமெரிக்க ராணுவ விமானங்கள் மருந்தும் மருத்துவர்களுமாக இறங்கின. ஹைதராபாத்திலும் ஒன்று நடந்திருக்கிறது. குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டத்தில் தாராமதி, பிரேமாமதி சமாதிகளைச் செப்பனிட அமெரிக்கத் தூதரின் பண்பாட்டு நிதி பணம் தந்தது. வேலையைச் செய்தது ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை. அமெரிக்க வரிப்பணத்தில், முஸ்லிம் அறக்கட்டளை ஒன்று, இந்தியக் கொத்தனார்களை வைத்துச் சுண்ணாம்பு பூசியது. ஒரு போர் விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு தூசு.

இந்த மருந்துகளுக்கு எல்லை உண்டு. பாலஸ்தீனக் கேள்விக்கு விடை காணாமல், 2003ல் பொய்யான காரணம் காட்டி இராக்கில் நுழைந்ததற்குக் கணக்குக் கேட்காமல், கல்லறைக்கு வெள்ளையடித்தால் மட்டும் கோபம் ஆறிவிடாது. காஸாவின் இடிபாடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவனிடம் மாணவர் பரிமாற்றத்தின் பெருமையைப் பேசினால் எரிச்சலே மிஞ்சும். அதேபோல், தங்கள் நாட்டுப் பெண்களையும் சிறுபான்மையினரையும் ஒடுக்கும் ஆட்சியாளர்கள் எல்லாப் பழியையும் மேற்கின் மீது போட்டுத் தப்பிப்பதும் செல்லாது. நீதியின் இடத்தை நடைமுறை வழிகள் பிடிக்க முடியாது. நீதி வந்து சேரும்வரை ஆட்கள் சாகாமல் பார்த்துக்கொள்ள அவை உதவும்.

இதில் இந்தியாவுக்கு என்ன என்று கேட்பவர்கள் பேகம்பேட்டின் மூன்றாவது அடையாளத்தைப் பார்க்கலாம். 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறக்கும்வரை, கரீம்நகரிலிருந்தும் நிஜாமாபாத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போன தொழிலாளர்கள் பலர் பேகம்பேட் விமான நிலையத்தில்தான் வீட்டாரிடம் கையசைத்துவிட்டுப் போனார்கள். 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தை விழுங்கியபோது சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள் வேலையையும் சேமிப்பையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஏர் இந்தியா அவர்களை அம்மானிலிருந்து ஏற்றிவந்தது. சண்டை சதாமுக்கும் புஷ்ஷின் தந்தைக்கும். தெருவில் நின்றவர்களில் தெலுங்கர்களும் தமிழர்களும் மலையாளிகளும் இருந்தார்கள்.

ஆகவே டெல்லிக்கு இது வேடிக்கை பார்க்கும் விஷயம் அல்ல. டெஹ்ரானிலும் ரியாத்திலும் வாஷிங்டனிலும் ஒரே சமயத்தில் தூதரகம் வைத்திருக்கும் நாடு, பாலமாக இருக்கத் தயங்கத் தேவையில்லை. ஓமன் செய்ததை இந்தியாவும் செய்யலாம். அதற்கு முதலில், இரு தரப்பும் நம்பும்படி நடந்துகொள்ள வேண்டும். உள்ளூரில் தன் முஸ்லிம் குடிமக்களை நடத்தும் விதமும் அந்த நம்பிக்கைக் கணக்கில் சேரும்.