உலாவியும் சுதேசியமும்

இந்திய சர்க்காரின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இணைய உலாவிப் போட்டியின் முடிவு 2025 மார்ச்சு 20ந் தேதி வெளியாயிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் 'உலா' முதற்பரிசாகிய 1 கோடி ரூபாயைப் பெற்றது. பிங், அஜ்னா என்னும் குழுவினர் முறையே 75 லட்சமும் 50 லட்சமும் பெற்றனர். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு கருவி பாரத நாடு முழுமைக்குமான போட்டியில் முதலிடம் பெற்றது கேட்டு மகிழாத தமிழர் இரார். நாமும் மகிழ்ந்தோம். எனினும் மகிழ்ச்சி வேறு, ஆராய்ச்சி வேறு. ஒரு பொருளைக் கையாண்டு பாராமலே அதனைப் புகழ்வது பத்திரிகையின் தருமமன்று. ஆதலின் உலாவையும், ஒப்பு நோக்கும் பொருட்டு பயர்பாக்ஸையும், நமது காரியாலயத்தில் சில வாரங்கள் அன்றாட வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்தோம். அதனால் நாம் கண்டதையும் கருதியதையும் நேயர்கள் முன் வைக்கின்றோம்.

உலாவி என்பது யாது? இணையத்திலுள்ள பக்கங்களை நம் கண்முன் கொண்டுவந்து காட்டும் கருவி என்பர். அது பாதி விடையேயாகும். நாம் எதைப் படிக்கிறோம், எங்கே பணம் செலுத்துகிறோம், எந்த மருத்துவரைத் தேடுகிறோம், எந்தக் கூட்டத்திற்குப் போக வழி கேட்கிறோம் என்பவை யாவும் அக்கருவியின் வழியாகவே செல்கின்றன. அன்னிய ஆட்சிக் காலத்தில் தேசத் தொண்டன் ஒருவன் எந்தப் பத்திரிகை வாங்குகிறான், யார் வீட்டுத் திண்ணையில் அமர்கிறான் என்பதை அறிய இரகசியப் போலீசார் வெயிலில் தெருமுனையில் காத்து நிற்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம் எவருக்கும் இல்லை. நாமே நம் அடிச்சுவடுகளை ஒன்றுவிடாமல் விட்டுச் செல்கின்றோம். ஆகவே உலாவியைத் தெரிந்தெடுப்பது ஏதோ இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று பொதுவாழ்வில் ஈடுபட்டோர் ஒதுக்கிவிடலாகாது.

தெரிந்தெடுப்பது என்று சொன்னோம். உண்மையில் நம்மிற் பெரும்பாலோர் எதையும் தெரிந்தெடுக்கவில்லை. கைப்பேசியை வாங்கும்போதே அதில் ஓர் உலாவி குடியிருக்கிறது, அதையே பயன்படுத்துகிறோம். உலகில் இணையத்தை நாடுவோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கூகிள் கம்பெனியின் குரோமையே கையாள்கின்றனர். அது திறமையாகச் செய்யப்பட்ட கருவி என்பதை மறுப்பாரில்லை. ஆனால் திறமை ஒன்றினாலேயே இந்த நிலை வந்ததென்று கூற இயலாது. ஆண்ட்ராய்டு கைப்பேசி செய்வோர் குரோம் உள்ளிட்ட கூகிள் செயலிகளை ஒரே கட்டாக முன்கூட்டியே பதிந்து விற்க நேர்ந்ததை ஆராய்ந்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபர் 20ல் அந்தக் கம்பெனிக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மறு ஆண்டு மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

அமெரிக்கக் கோர்ட்டில் வெளிவந்த செய்தியோ இன்னும் வியக்கத்தக்கது. தனது தேடற்பொறியே முதலில் வந்து நிற்க வேண்டுமென்பதற்காக உலாவிகளை உடையோருக்கும் கைப்பேசி செய்வோருக்கும் பிறருக்கும் கூகிள் 2021ஆம் ஆண்டில் மட்டும் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். பயன்படுத்துவோர் எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்புக்கு இத்தனை பணம் ஏன்? மாற்ற முடியும் என்றாலும் ஜனங்கள் மாற்றுவதில்லை என்பதை வியாபாரிகள் நன்கறிவர். 2024 ஆகஸ்டு 5ந் தேதி நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகிள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்து வந்ததெனத் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரம் கூறுகையில், பிறருக்கு இடமின்றிச் செய்யும் ஒப்பந்தங்களைத் தடுத்தாரேயன்றி, குரோமை விற்றுவிடும்படி உத்தரவிடவில்லை. கோர்ட்டுகள் ஓரளவே உதவும். மீதி நம் கையில் இருக்கிறது.

இனி நமது பரீட்சைக்கு வருவோம். உலா 2023 மே மாதத்தில் வெளிவந்தது. ஒருவனுடைய சொந்த வேலை, உத்தியோக வேலை, குழந்தைகளின் படிப்பு, கணினி வல்லுநரின் தொழில் ஆகியவற்றுக்குத் தனித்தனி அறைகள் போன்ற அமைப்புகள் அதிலுண்டு. ஓர் அறையில் செய்தது மற்றோர் அறைக்குக் கசியாது. வீட்டில் ஒரே கணினியைத் தகப்பனாரும் பிள்ளைகளும் பயன்படுத்தும் நம் நாட்டுக் குடும்பங்களுக்கு இது மிகவும் ஏற்றது. விளம்பரங்களையும், பக்கத்துக்குப் பக்கம் நம்மைப் பின்தொடரும் ஒற்றுக் கருவிகளையும் தடுக்கும் ஏற்பாடு, வேறெதையும் தேடிச் சேர்க்க வேண்டாதபடி அதிலேயே அமைந்திருக்கிறது. விளம்பரக் கூச்சல் அடங்கிய செய்திப் பக்கத்தைப் படிப்பது, சந்தைத் தெருவிலிருந்து வீட்டு முற்றத்திற்கு வந்ததுபோல் இருந்தது. பழகிய கைக்கு எதுவும் புதிதாகத் தோன்றவில்லை. குரோமிலிருந்து வருவோர் அரைமணி நேரத்தில் இதில் குடியேறிவிடலாம்.

பயர்பாக்ஸ் வேறு மரபைச் சேர்ந்தது. லாப நோக்கமற்ற மொஸில்லா அறநிலையத்துக்குச் சொந்தமானது. ஒவ்வொரு தளமும் இட்டுச் செல்லும் குறிப்புகளை அந்தந்தத் தளத்துக்குரிய தனிப் பெட்டியில் பூட்டி வைத்து, ஒரு தளத்தில் இட்ட குறிப்பைக் கொண்டு மற்றொரு தளத்தில் நம்மை அடையாளம் காணாதபடி தடுக்கும் காப்பை அது 2022 முதல் எல்லோருக்கும் இயல்பாகவே அளித்து வருகிறது. தன்னார்வத் தொண்டர்கள் மொழிபெயர்த்ததனால் அதன் பட்டிகளையும் கட்டளைகளையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். எவரிடமும் கூலி பெறாமல் இப்பணி செய்த தமிழன்பர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு நாள் ஒரு பொது அலுவலகத்தின் தளத்தில் விண்ணப்பம் ஒன்றை நிரப்ப முயன்றபோது, வேறோர் உலாவியில் வருமாறு அத்தளம் நம்மைத் திருப்பியனுப்பிவிட்டது. வரி செலுத்தும் குடிமகன் எந்தக் கதவு வழியாக வந்தான் என்று பார்த்து அவனை வாயிலிலேயே நிறுத்தும் உரிமையை அந்த அலுவலகத்துக்கு யார் அளித்தனர்?

அதே விண்ணப்பத்தை உலாவில் திறந்தோம்; உடனே திறந்தது. அங்கேதான் நமது விசாரணையின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. உலாவில் அது திறந்ததற்குக் காரணம், உலாவின் அடித்தளம் கூகிள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்பதேயாகும். பக்கத்தை வாசித்து உருவாக்கிக் காட்டும் உட்பொறிக்கு எஞ்சின் என்று பெயர். உலகில் உலாவிகளின் பெயர்கள் பலவாயினும், பெருவழக்கிலுள்ள எஞ்சின்கள் மூன்றே: கூகிளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொஸில்லாவின் கெக்கோ. பிரேவ், விவால்டி, ஆபரா ஆகிய யாவும் பிளிங்க்கின் மேல் கட்டப்பட்ட மாடிகளே. சொந்த எஞ்சின் வைத்திருந்த மைக்ரோஸாப்டே அதனைக் கைவிட்டு, 2020ல் குரோமியத்தின் மேல் தன் எட்ஜை அமைத்துக்கொண்டது.

சபர்மதி ஆசிரமத்தின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. முதலில் அங்கே தறிகளை மட்டும் நிறுவி, ஆலை நூலைக் கொண்டு துணி நெய்தனர். நெய்தது நம் கை. ஆனால் நூலுக்கு ஆலைக்காரர் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அதைக் கண்ட பின்னரே காந்தியடிகள் இராட்டையைத் தேடிப் புறப்பட்டார். உலாவின் தறி நம்முடையது, நூல் பிறருடையது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குரோமியத்தின் மூலநிரல் யாவரும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைக்கப்பட்டது. அதனை எடுத்தாள்வதில் ஒளிவுமறைவோ இழிவோ இல்லை. மைக்ரோஸாப்டுக்கே பளுவாகிப்போன வேலையை ஸோஹோ தனித்துச் செய்ய வேண்டுமென்று கேட்பதும் நியாயமன்று. ஆனால் நூல் எங்கிருந்து வருகிறதென்பதை நெசவாளனும் மறக்கக்கூடாது, துணி உடுத்துவோனும் மறக்கக்கூடாது.

மறந்தால் என்ன ஆகுமென்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். உலாவியோடு இணைக்கும் துணைச் செயலிகள் எவ்வாறு இயங்க வேண்டும் என்ற விதியைக் கூகிள் திருத்தியமைத்தது. பாதுகாப்பும் வேகமும் கருதியே திருத்தியதாக அது கூறுகிறது. பலனோ, விளம்பரத்தைத் தடுப்பதிற் பேர்பெற்ற யுபிளாக் ஆரிஜின் என்னும் துணைச் செயலி 2025ல் குரோமில் இயங்காதொழிந்தது. பயர்பாக்ஸில் அது இன்றும் இயங்குகிறது. விளம்பரத்தால் வாழும் கம்பெனியே விளம்பரத்தைத் தடுக்கும் கருவியின் எல்லையையும் வகுக்குமாயின், அது முறையாகுமா? குரோமியத்தின் மேல் நிற்கும் ஏனைய உலாவிகள் ஒவ்வொன்றும் அத்தகைய மாறுதல் வரும்போதெல்லாம், உடன்படுவதா அல்லது தம் செலவில் தனி வழி வகுப்பதா என்று திண்டாட நேரிடும். வேறொரு எஞ்சின் உயிரோடிருந்தால்தான் குடிகளுக்குப் போக வேறிடம் இருக்கும்.

ஏகபோகம் எவ்வாறு சோம்பலில் முடியும் என்பதற்கும் சரித்திரம் சான்றாக உளது. நெட்ஸ்கேப்பை வீழ்த்திய மைக்ரோஸாப்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு காலத்தில் 100க்கு 90 பேருக்கு மேல் தன்வசம் வைத்திருந்தது. 2001ல் ஆறாம் பதிப்பு வந்தது; ஏழாம் பதிப்புக்கு உலகம் 2006 வரை காத்திருந்தது. இடையில் 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் தோன்றியிராவிட்டால் அந்தத் தூக்கம் இன்னும் எத்தனை ஆண்டு நீடித்திருக்குமோ!

சுதேசியம் பேசுவோர் தென்கொரியாவின் அனுபவத்தையும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1990களில் வலிமையான இரகசியக் குறியீட்டு முறைகளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா தடைகள் விதித்திருந்தது. கொரியர் ரோஷத்தோடு 'ஸீட்' என்ற சொந்தக் குறியீட்டை வகுத்து, வங்கித் தொழிலுக்குப் பயன்படுத்தினர். போற்றத்தக்க செயலே. ஆனால் அன்றைய உலாவிகள் அதனை அறியாமையால், எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்யும் ஆக்டிவ் எக்ஸ் என்னும் ஒட்டுக் கருவி வழியாக அதனைப் புகுத்தினர். விளைவு என்ன? அன்னியரைச் சாராதிருக்கச் செய்த ஏற்பாடு, அன்னியக் கம்பெனி ஒன்றின் ஒரே உலாவியோடு தேசம் முழுவதையும் பல ஆண்டு பிணைத்துவிட்டது. வங்கிக்கும் சர்க்கார் அலுவலகத்துக்கும் வேறு கதவு இல்லாமற்போயிற்று. அந்த ஏற்பாட்டுக்குத் துணைநின்ற அங்கீகாரச் சான்றிதழ் முறையின் தனிச் சலுகை 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. பெயர் சுதேசியமாயிருந்தது, பிணைப்பு விதேசியமாய் முடிந்தது.

நம் நாட்டுப் போட்டியிலும் இதையொத்த விஷயம் ஒன்றுண்டு. ஒரு தளம் தான் சொல்லும் தளமேதான் என்பதற்கு அத்தாட்சி வழங்கும் மூலச் சான்றிதழ்களை ஒவ்வோர் உலாவியும் தன்னுள் வைத்திருக்கும். இந்திய சர்க்காரின் சான்றிதழையும் நம்பும் உலாவி வேண்டுமென்பது போட்டியின் நோக்கங்களில் ஒன்று. ஒரு சுதந்திர தேசம் இவ்வுரிமையைக் கோருவது இயல்பே. ஆயினும் 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் வழியாகக் கூகிள் தளங்களின் பெயருக்கே அனுமதியற்ற சான்றிதழ்கள் பிறந்திருந்தது வெளிப்பட்டு, அவை ரத்து செய்யப்பட வேண்டி வந்ததை மறக்கலாகாது. பொய்ச் சான்றிதழ் ஒன்று போதும்; குடிமகனின் கடிதத்தை இடையில் பிரித்துப் படிக்கலாம். நம் சர்க்கார் என்பதற்காகக் காவலை நாம் தளர்த்துவதற்கில்லை. எந்தச் சான்றிதழ் யாருக்கு வழங்கப்பட்டதென்பது எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருத்தல் வேண்டும். நம்பிக்கையைச் சட்டத்தால் ஏவிப் பெற முடியாது.

இவ்வாறு கூறுவதனால் பயர்பாக்ஸ் மாசற்றது என்று நாம் சாதிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். அதன் வருமானத்தில் பெரும்பகுதி, கூகிளைத் தேடற்பொறியாக முன்வைப்பதற்காகக் கூகிளே கொடுக்கும் பணம். போட்டியாளனின் கைப்பொருளில் வாழும் போட்டியாளன் எத்தனை நாள் தலைநிமிர்ந்து நிற்பான்? ஆகவேதான் புதிய எஞ்சின் முயற்சிகளாகிய ஸெர்வோ, லேடிபேர்ட் ஆகியவற்றை நாம் ஆவலுடன் நோக்குகின்றோம். அவை இன்னும் முதிரவில்லை. எனினும் தனியொரு கம்பெனியின் உடைமையாகாமல் வளர்ந்து வருகின்றன.

செய்யத்தக்கது யாது? சர்க்காருக்கு இரண்டு கூறுவோம். முதலாவது, பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு தளமும் மூன்று எஞ்சின்களிலும் பழுதின்றி இயங்க வேண்டுமென விதி செய்து, இயங்காத தளத்துக்கு ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க மறுக்க வேண்டும். இது செலவில்லாத சீர்திருத்தம். இரண்டாவது, அடுத்த போட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் திறந்த எஞ்சினில் உழைக்கும் இந்திய இளைஞர்களுக்கு அளிக்க வேண்டும். மாடி கட்டப் பரிசு தந்தாயிற்று. இனி அடித்தளம் போட ஆள் பழக வேண்டும். ஸோஹோ நிறுவனத்தாருக்கும் ஒரு வார்த்தை: தறியில் தேர்ந்துவிட்டீர்கள், இராட்டையிலும் கை வையுங்கள்.

நேயர்களுக்கு நாம் சொல்வது இதுவே. இன்று மாலையே உங்கள் கணினியில் இரண்டு உலாவிகளை வையுங்கள். இரண்டில் ஒன்றாவது வேறு எஞ்சின் உடையதாக இருக்கட்டும். முன்னே நிற்கும் தேடற்பொறி எது என்பதை அமைப்புகளைத் திறந்து நீங்களே தீர்மானியுங்கள். ஏதேனும் பொது அலுவலகத்தின் தளம் உங்களைத் திருப்பியனுப்பினால், வாளா திரும்பிவிடாமல் அதன் அதிகாரிக்கு எழுதுங்கள். கடை வாயிலில் மறியல் செய்து சிறை சென்ற முன்னோர் பட்ட துன்பத்தோடு ஒப்பிட்டால், இதற்கு ஆகும் கால்மணி நேரம் ஒரு பொருட்டன்று. அந்தக் கால்மணி நேரத்தையும் நாம் செலவிட மாட்டோம் என்ற நம்பிக்கையின் மீதுதான் 2,630 கோடி டாலர் முதலீடு செய்யப்பட்டிருக்கிறது.