கைவேலை நகை: பொழுதுபோக்கா, வியாபாரமா?

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் மதிப்புமிக்க வணிகராகத் திகழ்ந்தார்கள் என்று நம் மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். அந்த மேடையிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு மருமகள் பட்டு நூல் சுற்றிய வளையலும் மணி கோத்த மாலையும் செய்து விற்கிறார் என்றால், "பொழுது போகாமல் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

சொல் சிறியது, விளைவு பெரியது. பொழுதுபோக்கு என்று பெயரிடப்பட்ட வேலைக்குக் கூலி கேட்க முடிவதில்லை. வாங்கிச் சென்றவர் மாதக்கணக்கில் பணம் தராவிட்டாலும் நினைவூட்டக் கூச்சமாக இருக்கிறது. செய்பவரும் அந்தச் சொல்லை நம்பிவிட்டால், சரக்கின் குறையைச் சொல்வதிலும், ஒப்புக்கொண்ட நாளில் கொடுப்பதிலும், ஜகாத் கணக்கிடுவதிலும் அலட்சியம் புகுந்துவிடுகிறது. வீட்டு அறையின் மூலையில் நடந்தாலும் இது மார்க்கத்தின் பார்வையில் முழுமையான திஜாரத், அதாவது வியாபாரமே என்பதுதான் என் கருத்து. அதற்குரிய உரிமைகளைக் குடும்பத்தார் கொடுக்க வேண்டும்; அதற்குரிய கடமைகளைச் செய்பவர் ஏற்க வேண்டும்.

உழைப்பின் பயன் யாருக்கு?

ஆணின் சம்பாத்தியம் ஆணுக்கும் பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கும் உரியது என்பதைத் திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம், 32ஆம் வசனம் உணர்த்துகிறது. எனவே மனைவி நகை செய்து ஈட்டிய பணம் அவருடைய சொத்து. கணவரோ, மாமியாரோ, பெற்றோரோ அதைத் தம் உரிமையாக எண்ணி எடுத்துக்கொள்ள இயலாது. குடும்பச் செலவு கணவரின் பொறுப்பு. மனைவி சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார் என்பதால் அந்தப் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. "உனக்குத்தான் வருமானம் வருகிறதே, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நீயே கட்டிவிடு" என்று கட்டளையிடுவது நம் வீடுகளில் இயல்பாகிவிட்டது. அது இயல்பாக இருக்கலாம், நியாயமாகிவிடாது.

மனைவி மனமுவந்து கொடுத்தால் அது வேறு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) கைத்தொழில் தெரிந்தவர். தம் உழைப்பால் குடும்பத்தாரையும் தாங்கியவர். கணவருக்கும் தம் பராமரிப்பில் உள்ள அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாக ஏற்கப்படுமா என்று அவர் கேட்டபோது, உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மம் செய்ததற்கு ஒன்று என இரண்டு நன்மைகள் உண்டு என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணம் ஏற்கெனவே கணவருக்கு உரியதாக இருந்திருந்தால் அதைத் தர்மம் என்று அழைக்க இடமே இல்லை.

நபியவர்களின் மனைவியரில் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களும் தம் கையால் உழைத்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்து வந்தார்கள். நபியின் இல்லத்திலேயே கைவேலைக்கு இடம் இருந்தது என்றால், நம் இல்லங்களில் அது எப்படிக் குறைவாகும்?

உறவினருக்கு என்ன விலை?

பட்டு நூல் வளையல் ஒரு ஜோடியும் அதற்குப் பொருத்தமான ஜிமிக்கியும் செய்வதாக வைத்துக்கொள்வோம். நூல், வளையல், கல், பசை, கொக்கி எல்லாம் சேர்த்து 110 ரூபாய். பெட்டிக்கும் உறைக்கும் 20 ரூபாய். இரண்டரை மணி நேர வேலைக்கு மணிக்கு 60 ரூபாய் என்றாலும் 150 ரூபாய். ஆக, அடக்கம் மட்டுமே 280 ரூபாய். பழுதான சரக்கு, போக்குவரத்து, தொலைபேசிச் செலவு எதுவும் இதில் சேரவில்லை.

இப்போது நாத்தனார் வந்து, "எனக்குமா இந்த விலை? 150 போதும்" என்று எடுத்துச் செல்கிறார். மருமகள் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். அன்று அவர் 130 ரூபாயைத் தம் கையிலிருந்து கொடுத்திருக்கிறார். ஏறக்குறைய அவருடைய கூலி முழுவதும் போய்விட்டது. ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மனத்திருப்தியோடு மட்டுமே பிறருக்கு ஆகுமாகும் என்பது நபிமொழி தரும் பாடம். உறவு கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில் தலையாட்டுவது மனத்திருப்தி ஆகாது.

செய்பவர் விரும்பி விலையைக் குறைத்தால் அது அன்பளிப்பு. அதில் பரக்கத் உண்டு. வாங்குபவர் கேட்டு வாங்கிக்கொள்ளும் அன்பளிப்பில் என்ன அன்பு இருக்கிறது? உண்மையான உறவினர் முழு விலையைக் கொடுத்து, நான்கு பேரிடம் எடுத்துச் சொல்பவரே. கடனுக்கு வாங்கினால் தொகையையும் தவணையையும் எழுதிக்கொள்ள வேண்டும். கடனை எழுதிவைக்கும்படி அல்பகரா 282ஆம் வசனம் வழிகாட்டுகிறது. சிறிய தொகையாயினும் எழுதச் சோம்பல் கூடாது என்றும் அதே வசனம் உணர்த்துகிறது. மாமி பெயரை நோட்டில் எழுதுவது அவமரியாதை ஆகாது. பின்னாளில் மனக்கசப்பு வராமல் அந்த நோட்டே உறவைக் காக்கும்.

சரக்கைப் பற்றிய உண்மை

முத்தும் மணியும் நம் சமூகத்துக்குப் புதியவை அல்ல. காயல்பட்டினமும் கீழக்கரையும் முத்து வணிகத்தால் பெயர் பெற்ற ஊர்கள். அந்த வணிகம் வாக்கை நம்பி நடந்தது. இன்று கைபேசியில் படம் பார்த்து வாங்கும் பெண்ணும் விற்பவரின் வாக்கைத்தான் நம்புகிறார்.

ஆகவே பெயர்களில் எச்சரிக்கை தேவை. 'ஜெர்மன் சில்வர்' என்று விற்கப்படும் உலோகத்தில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை அது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காதும் கழுத்தும் அரித்துப் புண்ணாகும். வாங்குபவர் வெள்ளி என்று எண்ணிக்கொள்வார் எனத் தெரிந்தும் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. 'ஒரு கிராம் தங்கம்' என்ற பெயரில் வருவது மெல்லிய பொன் பூச்சு மட்டுமே; எவ்வளவு காலம் நிறம் நிற்கும், தண்ணீர் படலாமா என்பதைச் சொல்ல வேண்டும். கண்ணாடி மணியைக் கண்ணாடி என்றும், பிளாஸ்டிக் முத்தைப் பிளாஸ்டிக் என்றும் சொன்னால் விற்பனை நின்றுவிடாது. சுடுமண் நகை கீழே விழுந்தால் உடையும் என்று முன்கூட்டியே சொல்லும் சகோதரியிடம்தான் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கடிந்துகொண்ட நிகழ்வை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். இன்றைய குவியல் கைபேசிப் படம். ஒளியைக் கூட்டி நிறத்தை மாற்றிக் காட்டுவதும், கல் விழுந்த பக்கத்தை மறைத்துப் படமெடுப்பதும் ஈரத்தை அடியில் வைப்பதே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கீழே எழுதிவிட்டாலும், தெரிந்தே மறைத்த குறையின் பாவத்தை அவ்வாசகம் போக்காது.

இன்னொரு பழக்கமும் பரவி வருகிறது. மொத்த வியாபாரி அனுப்பிய படத்தை 'என் கைவேலை' என்று போட்டு, பணத்தை வாங்கிய பிறகு அந்தப் பொருளை வரவழைத்து அனுப்புகிறார்கள். இதில் இரண்டு தவறுகள் உள்ளன. தாம் செய்யாததைச் செய்ததாகச் சொல்வது பொய். தம் கைவசம் இல்லாத பொருளை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். வழி இல்லாமல் இல்லை: பொருளை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விற்கலாம்; அல்லது மொத்த வியாபாரியின் முகவர் என்று வெளிப்படையாகச் சொல்லி, அவரிடம் பேசிக்கொண்ட கமிஷனைப் பெறலாம்.

ஆர்டரும் வாக்குறுதியும்

கைவேலை நகையில் பெரும்பகுதி, சொல்லிச் செய்விப்பது. ஹனஃபி மத்ஹபில் இதற்கு இஸ்திஸ்னா என்ற தனி ஒப்பந்த முறை உண்டு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே தர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இது ஸலம் ஒப்பந்தத்தின் விதிகளுக்குள் வரும்; முழு விலையையும் ஒப்பந்த வேளையிலேயே கொடுத்துவிட வேண்டும். நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் இருப்பதால், தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தம் முறையை அமைத்துக்கொள்வது நலம். எம்முறையானாலும் பொருள், நிறம், அளவு, விலை, கொடுக்கும் நாள் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். அவற்றை எழுத்தில் அனுப்பிச் சம்மதம் பெற்றுக்கொண்டால் பாதிச் சச்சரவுகள் எழாது.

பெருநாளுக்கு முன் ஆர்டர்கள் குவியும். இருபது ஜோடி செய்யக்கூடிய கைக்கு நாற்பது ஜோடி ஒப்புக்கொண்டால், வாக்கும் தவறும், ரமளானின் கடைசிப் பத்து இரவுகளும் பசையோடும் நூலோடும் கழிந்துவிடும். "இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லத் தெரிவதும் வியாபார அறிவின் ஒரு பகுதியே. அந்நாள்களில் வீட்டார் நோன்பு திறக்கும் ஏற்பாடுகளைப் பகிர்ந்துகொண்டால் அச்சகோதரிக்கு வேலையும் நடக்கும், இபாதத்தும் கிடைக்கும்.

பொன்னும் ஜகாத்தும்

கைபர் நாளில் ஃபழாலா பின் உபைத் (ரலி) அவர்கள் பொன்னும் மணிகளும் கலந்த ஒரு மாலையைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது பன்னிரண்டு தீனாருக்கும் அதிகமான பொன் அதில் இருந்தது. பிரித்துப் பார்க்காமல் அத்தகைய மாலையை விற்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பொன்னுக்குப் பொன் மாற்றும்போது எடை சமமாகவும் கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் வட்டி நுழைந்துவிடும். எனவே பழைய பொன்மணியைக் கொடுத்துப் புதிய பொன்மாலை கேட்பவரிடம், பழையதைப் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தால் புதியதை வாங்கச் சொல்ல வேண்டும். அசல் பொன்னோ வெள்ளியோ கோக்கும் சகோதரிகள் அவற்றைக் கடனுக்கு விற்பதற்கு முன் ஆலிமிடம் கட்டாயம் விளக்கம் கேட்க வேண்டும்.

ஜகாத்தில் பலருக்குக் குழப்பம் உண்டு. தாம் அணியும் பொன் நகைக்கு ஜகாத் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து. விற்பனைக்கான சரக்கோ வேறு. அதற்கு ஜகாத் உண்டு என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. நகை வெறும் கண்ணாடி மணியாக இருந்தாலும் அது வியாபாரச் சரக்கே. சந்திர ஆண்டு நிறைவடையும் நாளில், விற்பனைக்குத் தயாராக உள்ள நகைகள், கோக்கக் காத்திருக்கும் மணிகள், கையில் உள்ள பணம் ஆகியவற்றை அன்றைய மதிப்பில் கூட்டிப் பார்க்க வேண்டும். குறடு, பசைத் துப்பாக்கி போன்ற கருவிகள் இதில் சேரா. மொத்தம் நிஸாபை எட்டினால் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். வெள்ளியின் நிஸாபு 200 திர்ஹம். கணக்கிடும் முறைக்கேற்ப 595 முதல் 612 கிராம் வரை சொல்லப்படுகிறது. வரவேண்டிய கடன்களையும் கொடுக்கவேண்டிய கடன்களையும் எவ்வாறு சேர்ப்பது என்பதை ஆலிமிடம் கேட்டறியலாம். ஆனால் கேட்பதற்குக் கையில் ஒரு கணக்கு நோட்டு இருக்க வேண்டுமே! பொழுதுபோக்குக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. ஜகாத் என்னும் கடமை தவறிப்போவதற்கு அந்த ஒரு சொல்லே காரணமாகிவிடுகிறது.

எனவே வீட்டாருக்கு என் வேண்டுகோள் மூன்று. அவருடைய பணத்தை அவர் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கில் சேர விடுங்கள். வாங்கினால் விலையைக் கொடுத்து வாங்குங்கள். வேலை நேரத்தில் அவரை வேலை செய்ய விடுங்கள். நகை செய்யும் சகோதரிகளுக்கும் மூன்று: கணக்கை எழுதுங்கள், குறையைச் சொல்லுங்கள், வாக்கைக் காப்பாற்றுங்கள்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது அண்ணலாரின் அறிவுரை. இருபது ரூபாய்த் தோட்டுக்கும் இது பொருந்தும். நம் பெண்மக்களின் கைகளில் ஹலாலான சம்பாத்தியத்தையும், நம் வீடுகளில் அதை மதிக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.