மேடையில் கைதட்டல், ஆலை வாசலில் கதவடைப்பு!

ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர் வந்துவிடும். ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அந்த நகரத்தில் 2008-ம் ஆண்டு ஜூன் 29-ம் தேதி ஒரு புதுமையான ஊர்வலம் புறப்பட்டது. அதே நாளில் டில்லியிலும் கல்கத்தாவிலும் அத்தகைய ஊர்வலங்கள் நடந்தன. திருநங்கைகளும், திருநம்பிகளும், ஆணை நேசிக்கும் ஆண்களும், பெண்ணை நேசிக்கும் பெண்களும் தலைநிமிர்ந்து வீதிக்கு வந்தனர். பெருமிதப் பேரணி என்பது அதன் பெயர். சென்னையிலும் 2009 முதல் இது நடக்கிறது. தப்பு முழங்கும், பாட்டும் ஆட்டமும் கூடவே வரும், முடிவில் கலை நிகழ்ச்சி மேடையேறும்.

நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள்: "இது பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளின் கேளிக்கைதானே? மேல்நாட்டுச் சரக்குதானே? சிப்காட் தொழிலாளிக்கும், தளியிலும் சூளகிரியிலும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவனுக்கும் இதில் என்ன வேலை?"

கேள்வி நியாயமானது. பதிலும் நேராகச் சொல்லப்பட வேண்டும்.

மேல்நாட்டுச் சரக்கு எது? ஒருபால் காதலைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு, 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. கள்ளர், மறவர் முதலிய மக்களைப் பின்னாளில் கைரேகை வைக்கச் சொல்லி வாட்டியதே, அந்தச் சட்டந்தான்! அதன் இரண்டாம் பகுதி வடநாட்டுத் திருநங்கைகளின் மேல் ஏவப்பட்டது. அவர்கள் பெயர்கள் போலீஸ் பதிவேட்டில் ஏறின. பதிவான ஒருவர் சேலை உடுத்தித் தெருவில் நின்றாலும், பொது இடத்தில் ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். 2 ஆண்டு வரை சிறையில் தள்ளலாம். ஐதராபாத் நிஜாம் சர்க்கார் 1919-ல் இதேபோல ஒரு சட்டம் போட்டது. தெலங்கானா உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது எப்போது? 2023-ல்!

ஆகவே ஒரு திருநங்கை பொது வீதியில் ஆடுவதை வெறும் கேளிக்கை என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆடினால் சிறை என்று ஒரு காலம் இருந்தது. அந்தத் தடையை மீறி எழுந்த மேடை இது. கூட்டம் போடத் தடை, கொடி பிடிக்கத் தடை என்று 144-ஐச் சந்தித்த தொழிலாளி வர்க்கத்துக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

நம் ஊர்க் கதையைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி, தருமபுரி சீமையில் பாரதக் கூத்து நடந்தால் விடிய விடியக் கண் கொட்டாமல் பார்க்கிறோம். திரௌபதி வேடம் கட்டுபவர் ஆண் என்று நமக்குத் தெரியும். துகிலுரியும் கட்டத்தில் நாமும் சேர்ந்து அழுகிறோம். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியன்று திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும்போது சாமி என்று கும்பிடுகிறோம். திருவிழாவில் அவர்கள் ஆடினால் கை தட்டுகிறோம். மறுநாள் காலையில் அதே மனிதர் ஆலை வாசலில் வேலை கேட்டு வந்தால்? கேலி, சீழ்க்கை, கதவடைப்பு!

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றார். 2019-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல்லாரிச் சீமையைச் சேர்ந்த மஞ்சம்மா ஜோகதி, பிச்சை எடுத்துப் பிழைத்தவர். ஜோகதி ஆட்டத்தைக் கற்று, 2019-ல் கர்நாடக நாட்டுப்புறக் கலை அகாடமியின் தலைவரானார். 2021-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த உயர்வு நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மேதையாக உயர்ந்தால்தான் மனிதராக மதிப்போம் என்றால், அது என்ன நியாயம்? ஆட வராத திருநங்கை எங்கே போவார்? லேத்தும் வெல்டிங்கும் கற்றவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

கேரளத்தில் நடந்ததைக் கவனியுங்கள். 2017-ல் கொச்சி மெட்ரோ ரயிலில் 23 திருநர்களுக்கு வேலை கொடுத்தார்கள். நாடே பாராட்டியது. சில வாரங்களில் அவர்களில் பலர் வேலையை விட்டனர். காரணம் என்ன? குடியிருக்க அறை கொடுப்பாரில்லை. கிடைத்த அறையின் வாடகைக்குச் சம்பளம் போதவில்லை. ஓசூரில் ஒரு அறையில் ஐந்தாறு பேராக ஷிப்டு முறை வைத்துத் தூங்கும் வாலிபர்களுக்கு இந்த வேதனையை நாம் விளக்க வேண்டுமா?

2014 ஏப்ரல் 15-ம் தேதி திருநர்களின் உரிமையை உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2018 செப்டம்பர் 6-ம் தேதி ஒருபால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வேண்டியதுதான். ஆனால் தீர்ப்பு உலை வைக்காது.

இந்த இடத்தில் முதலாளி நுழைகிறான். உலகத்துப் பெரிய நகரங்களில் பெருமித விழா மேடைகளுக்கு வங்கிகளும் பெருங் கம்பெனிகளும் பணம் கொட்டுகின்றன. வானவில் கொடி கட்டித் தங்களை முற்போக்காகக் காட்டிக்கொள்கின்றன. சங்கம் வைத்தால் சீட்டைக் கிழிக்கும் முதலாளிக்கும், கான்டிராக்ட் தொழிலாளியை ஆண்டுக்கணக்காய் நிரந்தரமாக்காத முதலாளிக்கும், ஒரு நாள் கொடி கட்டுவது மலிவான விளம்பரம். 2019 ஜூன் 30-ம் தேதி நியூயார்க்கில் இதை எதிர்த்துக் கம்பெனி விளம்பரம் இல்லாத தனி ஊர்வலமே நடந்தது. மேடையை முதலாளியிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நின்று, "பார், இது முதலாளி மேடை" என்று நாம் ஏசினால் லாபம் யாருக்கு?

வேறு வழி உண்டு. சரித்திரமே அதைக் காட்டுகிறது.

1984 மார்ச்சில் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தாட்சர் சர்க்கார் அவர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கப் பார்த்தது. அப்போது லண்டன் வீதிகளில் ஒருபால் ஈர்ப்பினர் சிலர் வாளி ஏந்தி வேலைநிறுத்த நிதி திரட்டினர். அவர்களை முன்னின்று திரட்டியவர் மார்க் ஆஷ்டன் என்ற இளம் கம்யூனிஸ்ட். 1984 டிசம்பர் 10-ம் தேதி லண்டன் கேம்டன் பகுதியில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடத்தினர். 5,000 பவுனுக்கு மேல் வசூலானது. அந்தப் பணம் தெற்கு வேல்ஸ் சுரங்கக் குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. அதே மேடையில் சுரங்கத் தொழிலாளர் பிரதிநிதி ஏறி, இனி உங்கள் போராட்டமும் எங்களுடையது என்று உறுதி கூறினார்.

சொன்னபடி செய்தார்கள். வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோற்றது, சிநேகம் தோற்கவில்லை. அந்த ஜூனில் லண்டன் பெருமிதப் பேரணியில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கொடியோடு முன்வரிசையில் நடந்தனர். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் ஒருபால் ஈர்ப்பினர் உரிமைத் தீர்மானம் நிறைவேற, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் துணை நின்றன. ஒரு பாட்டு மேடை இரண்டு படைகளை ஒன்றாக்கியது!

மேடையின் வலிமை நமக்கும் புதிதல்ல. 1943-ல் பிறந்த இந்திய மக்கள் நாடக மன்றம் நம் இயக்கத்தின் பிள்ளை. பாவலர் வரதராசனின் பாட்டைக் கேட்கவே ஜனங்கள் நம் கூட்டங்களுக்குத் திரண்டு வந்த காலம் உண்டு.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? நம் மே தின மேடைக்குத் திருநங்கைக் கலைஞர்களை அழைப்போம். வேடிக்கைக்காக அல்ல, பேசிய கூலியை முழுதாகக் கொடுத்து, கலைஞர்களாக அழைப்போம். நம் வீதி நாடகங்களில் அவர்களைக் கேலிச் சரக்காக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். அவர்களுக்கும் வேலை, கழிப்பறை, குடியிருப்பு வேண்டுமென்று சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். நடை உடையைக் காரணம் காட்டி ஒரு தொழிலாளியை நிறுத்தினால், வேறு எந்தப் பழிவாங்கலுக்கும் திரள்வதுபோல வாசலில் திரள்வோம்.

ஆண் என்றும் பெண் என்றும், சாதி என்றும் மொழி என்றும், கன்னடன் என்றும் தமிழன் என்றும், வடநாட்டான் என்றும் நம்மைப் பிரித்து வைத்தே கூலியைக் குறைக்கிறான் முதலாளி. பிரிவினை ஒன்று குறைந்தால் நம் பலம் ஒன்று கூடும்.

மேடையில் தட்டிய கை, ஆலை வாசலில் தோள் கொடுக்கட்டும்!