எச்சாலைக்கு முதற்பணம்?

சாலை மக்களின் உடைமை. அதற்கென இறைக்கப்படும் பணம் மக்களின் வியர்வை. ஆயினும், எவ்வூர்ச் சாலையை அகலப்படுத்துவது, எவ்வாற்றின்மேல் பாலம் எழுப்புவது, எவருடைய கழனியைக் கிழித்துப் புதுவழி போடுவது என்னும் முடிவு மட்டும் மக்களிடம் இல்லை. பணம் கொடுப்பவன் ஒருவன். நிலம் இழப்பவன் ஒருவன். முடிவு செய்பவன் மற்றொருவன். ஊதியம் காண்பவன் வேறொருவன். இந்நால்வரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் அவை இந்நாட்டில் இன்னும் கூடவில்லை. 'வளர்ச்சி' என்னும் ஒரு சொல்லை உரக்கக் கூவிவிட்டால், 'எதன் வளர்ச்சி, யாருக்கு வளர்ச்சி, எது முதலில்' என்னும் வினாக்களெல்லாம் வாயடைத்துப் போகும் என்று ஆள்வோர் கருதுகின்றனர்.

முதற்கண், பணம் எங்கிருந்து வருகின்றது என்பதை மக்கள் தெளிவாக அறிதல் வேண்டும். வண்டி வாங்கும்பொழுது சாலைவரி. ஓட்டும்பொழுது எண்ணெயின் விலையில் மேல்வரி. நெடுஞ்சாலையைக் கடக்கும்பொழுது சுங்கம். ஆக ஒரு சாலைக்கு மும்முறை பணம் கட்டுகின்றான் தமிழன். இவற்றுள் எண்ணெய்மேல் விதிக்கப்படும் மேல்வரிக்கு 2000-ஆம் ஆண்டின் நடுவண் சாலைப்பொருள் சட்டம் வழிவகுத்தது. 2018-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது சாலைக்கும் உள்கட்டமைப்புக்குமான மேல்வரி என்று புதுப்பெயர் பெற்று, பெட்ரோல், டீசல் ஒவ்வோர் இலிட்டருக்கும் 8 உருபா என நிறுவப்பட்டது. பெயர் மாற்றத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று இதற்குள் மறைந்து கிடக்கின்றது. அரசியற் சட்டத்தின் 270-ஆம் பிரிவின்படி, மேல்வரிகளும் கூடுதல் வரிகளும் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வரித்தொகுப்பில் சேரா. அத்தொகையில் ஒரு கூறு மாநிலச் சாலைகளுக்குத் தரப்படுவது உண்மையே. ஆனால் எவ்வளவு, எதற்கு என்பதைக் கொடுக்கின்ற கையே முடிவு செய்கின்றது. கொடுத்த கைக்கு அதில் சொல்லில்லை.

இவ்வாறு திரண்ட பணம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதற்குச் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

2017-ஆம் ஆண்டு அக்தோபரில் நடுவண் அமைச்சரவை 'பாரத்மாலா' என்னும் பெருந்திட்டத்தின் முதற்கட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அதன் நீளம் 34,800 கி.மீ.; மதிப்பீடு 5,35,000 கோடி உருபா. அத்திட்டத்தில் தமிழகத்திற்கெனக் குறிக்கப்பட்டிருந்த வழி திருச்சி வழியாகச் செல்லும் சென்னை–மதுரை வழி. சில திங்களுக்குள் அது பின்தள்ளப்பட்டு, அவ்விடத்தில் சென்னை–சேலம் பசும்வழிச் சாலை வந்து அமர்ந்தது. 277 கி.மீ. நீளம், ஏறத்தாழ 10,000 கோடி உருபா, அற்றைக் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் ஊடே நிலமெடுப்பு. ஏன் இந்த மாற்றம், எந்த ஊர்திக் கணக்கெடுப்பின் மேல் இம்முடிவு நின்றது என்று நிலத்தை இழக்க இருந்த எவருக்கும் முன்கூட்டி உரைக்கப்படவில்லை. உழவர்கள் கண்டதெல்லாம் தம் தென்னந்தோப்பிலும் நெல்வயலிலும் கிணற்று மேட்டிலும் ஒருநாள் நடப்பட்ட அளவுக் கற்களைத்தாம். எதிர்த்துப் பேசியோர் பலர் 2018-இல் தளையிடப்பட்டனர்.

வழக்கு மன்றமேறியது. 2019 ஏப்பிரல் 8 அன்று சென்னை உயர்நயன்மன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகள் செல்லா என்று தீர்த்தது. 2020 திசம்பர் 8 அன்று தில்லி உச்சநயன்மன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அறிவிக்கைகள் செல்லும் என்றது. ஆயினும் இழப்பீடு கொடுத்து நிலத்தைக் கைக்கொள்வதற்கு முன்னரே நிலவுரிமைப் பதிவுகளை மாற்றியது தவறு என்பதை ஏற்றது. சென்னை–மதுரை வழியை விட்டுச் சென்னை–சேலம் வழியை எடுத்தது ஆட்சியின் கொள்கை முடிவு; அதற்கு நடுவணரசுக்கு உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டத்தின் கண்ணில் அது பொருந்தலாம். ஆனால் அத்தீர்ப்பிலிருந்து மக்கள் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. எச்சாலை வேண்டும், எச்சாலை வேண்டா என்பதை வழக்குமன்றம் வந்து சொல்லப்போவதில்லை. அது மக்கள் மன்றத்தில் தீர்க்கவேண்டிய வழக்கு. அங்கே பேசாதவன் வேறெங்கும் பேச இடமில்லை.

இனி, அச்சாலையை வேண்டுவோரின் கூற்றையும் நடுவுநிலையோடு எடைபோட்டுப் பார்த்தல் முறை. தொலைவு அறுபது கி.மீ. அளவு குறையும், பயணம் மூன்று மணி நேரத்திற்குள் முடியும், எண்ணெய் மிஞ்சும், மேற்குத் தமிழகத்தின் தொழில்களுக்குத் துறைமுகம் நெருங்கும் என்பன அவர்தம் கூற்றுகள். இவை பொய்யல்ல. சரக்குந்து ஓட்டுநனுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சுவதும், நெசவாளனின் சரக்கு ஒருநாள் முந்திப் போவதும் எள்ளத்தக்க பயன்கள் அல்ல. சாலையே வேண்டா என்பது அறிவுடையார் கூற்றுமன்று. ஆனால் வினா அதுவன்று. அதே பத்தாயிரம் கோடியைக் கொண்டு வேறெதைச் செய்திருக்கலாம் என்பதே வினா.

சேலத்திற்கும் சென்னைக்கும் இடையே வழியே இல்லாமற் போய்விடவில்லை. கிருட்டிணகிரி வழியே ஒன்றும், உளுந்தூர்ப்பேட்டை வழியே ஒன்றுமாக இரண்டு நெடுஞ்சாலைகள் முன்னரே உள்ளன. உளுந்தூர்ப்பேட்டை–சேலம் சாலையை நான்குவழியாக்கியபொழுது, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் முதலான ஊர்களின் புறவழிகளை இருவழியாகவே விட்டுவைத்தனர். நான்குவழியில் விரைந்து வரும் ஊர்தி, திடுமென இருவழிக்குள் நுழைந்து எதிர்வரும் ஊர்தியோடு மோதும். இவ்வாறு மாய்ந்த உயிர்கள் பல. இருக்கின்ற சாலையின் இடையிடையே கழுத்தை நெரித்து வைத்துவிட்டு, மூச்சு முட்டுகின்றது, புதுச்சாலை தாருங்கள் என்பது எவ்வகை அறிவு? 'குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர்' என்று நம் முன்னோர் நகைத்தது இத்தகைய செயலைப் பார்த்துத்தான்.

உயிர்க்கணக்கைப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை இன்னும் விளங்கும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டில் சாலை நேர்ச்சிகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது தமிழ்நாடு: 64,105 நேர்ச்சிகள், 17,884 சாவுகள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆகிய நடுவணரசு நெடுஞ்சாலைகளில் மட்டும் 36 விழுக்காட்டுச் சாவுகள். இறந்தவர் யார்? நூற்றுக்கு நாற்பத்து நால்வர்க்கு மேல் ஈருருளியில் சென்றவர். ஏறத்தாழ இருபதின்மர் நடந்து சென்றவர். ஆக மாண்டவருள் மூவர்க்கு இருவர் அளவில் மகிழுந்து இல்லாத எளியர். விரைவுச் சாலைகளிலோ ஈருருளிகளுக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது. எவர் மிகுதியாகச் சாகின்றனரோ அவர்க்குப் பயன்படாத சாலைக்கு முதற்பணம். அவர் நாள்தோறும் கடக்கின்ற சாலையின் நடைமேடைக்கும் விளக்குக்கும் சுரங்க வழிக்கும் கடைசிப் பணம். இதுவே இற்றை முறை.

தொடங்கிய பணியை முடிக்காமல் புதியதைத் தொடங்குவது இன்னொரு நோய். விக்கிரவாண்டி–குடந்தை–தஞ்சைச் சாலை காவிரிக் கழிமுகத்தைத் தலைநகரோடு இணைக்கும் உயிர்நாடி. ஏறத்தாழ 165 கி.மீ. நீளமுள்ள அதனை நான்குவழியாக்கும் பணி மூன்று கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வெட்டிப்போட்ட மண்ணும் பாதி எழுந்த பாலமுமாகக் கிடந்த அவ்வழியில் நெல் வண்டியும் நோயாளியின் வண்டியும் ஒருங்கே தள்ளாடின. அதன் இடைக்கூறாகிய சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதி, 50 கி.மீ., 2,350 கோடி உருபாவுக்கு மேற்பட்ட செலவில் முடிந்து 2025 சூலையில்தான் திறந்து வைக்கப்பட்டது.

சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலையின் கதை இதனினும் வருத்தத்திற்குரியது. 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டபொழுது அதன் மதிப்பீடு ஏறத்தாழ 1,800 கோடி உருபா. கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கும் என்று 2012-இல் பணி நிறுத்தப்பட்டது. தூண்கள் மட்டும் ஆற்றில் நின்றன. 2022 மே 26 அன்று ஈரடுக்குச் சாலையாக அதற்கு மீண்டும் ஓர் அடிக்கல். மதிப்பீடு 5,850 கோடிக்கு மேல். வடிவம் மாறியதால் ஏறிய செலவு ஒரு பங்கு. இரண்டு அரசுகளின் பிணக்கால் கழிந்த பத்தாண்டுகளின் விலை ஒரு பங்கு. இவ்விரண்டையும் கட்டியவர் மக்களே. துறைமுகத்தை நெருக்குவதற்காகவே எட்டுவழிச் சாலை வேண்டும் என்போர், துறைமுக வாயிலில் நாட்கணக்கில் வரிசை நின்ற சரக்குந்துகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து மூன்று மணியில் வந்து, சென்னையில் முப்பது மணி காத்துக் கிடப்பதற்குப் பெயர் விரைவன்று.

ஆகவே, சாலைக்குப் பணம் ஒதுக்குமுன் நான்கு அளவுகோல்கள் வேண்டும். ஒன்று, உயிர்: எவ்விடத்தில் மக்கள் மிகுதியாக மாள்கின்றனரோ அவ்விடத்திற்கே முதற்பணம். இரண்டு, முடிப்பு: தொடங்கிய பணி முடியும்வரை அதனை ஒத்த புதுப்பணிக்குப் பணமில்லை. மூன்று, பயன்: ஒரு கோடி உருபாவில் எத்துணை ஊர்களும் எத்துணைப் பேருந்துகளும் பயன்பெறும் என்னும் கணக்கு, மகிழுந்துகளை மட்டும் எண்ணும் கணக்கன்று. நான்கு, இழப்பு: எடுக்கப்படும் விளைநிலமும் வெட்டப்படும் காடும் மூடப்படும் கிணறும் செலவுக் கணக்கில் ஏறவேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் குமுகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கியது. ஆனால் நடுவணரசின் நெடுஞ்சாலைகளுக்கு அவ்வாய்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2015-இல் இழப்பீட்டு நெறிகள் மட்டும் அவற்றுக்கும் விரிக்கப்பட்டன. நிலத்திற்கு விலை உண்டு. நிலத்தை ஏன் எடுக்கின்றீர் என்று கேட்க வழி இல்லை. அவ்விலக்கு நீங்கும்வரை நான்காம் அளவுகோலை மக்களே கையில் ஏந்துதல் வேண்டும்.

இந்நான்கும் செயற்பட வேண்டுமாயின், அவற்றினும் முந்திய கட்டளை ஒன்றுண்டு. கணக்கு மக்களின் மொழியில் இருத்தல் வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்கான 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை, ஆய்வறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே மாநில மொழியில் தரச் சொல்கின்றது. முழு அறிக்கையும் விரிவான திட்ட அறிக்கையும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. ஊர்திக் கணக்கு எவ்வாறு எடுக்கப்பட்டது, மாற்றுவழிகள் ஏன் தள்ளப்பட்டன, எந்த ஓடை திசை மாறும் என்பனவெல்லாம் அம்முழு அறிக்கைகளில்தாம் உள்ளன. நிலம் இழப்பவனுக்குச் சுருக்கம், ஒப்பந்தக்காரனுக்கு முழுமை! கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உழவன் வாய்மூடி நிற்பது அறியாமையால் அன்று, அறியவிடாமையால்.

தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நாவற்றாவளத்திற்கு 29 காதம் என்று அக்கல் கூறுகின்றது. அதனைத் தமிழெழுத்தில் பொறித்ததோடு நில்லாமல், எண்ணுக்கேற்பக் குழிகளையும் கல்லில் அகழ்ந்து வைத்தனர். எழுத்தறியாதவனும் குழிகளை எண்ணித் தொலைவை அறியலாம். சாலையைப் பற்றிய செய்தி சாலையில் நடக்கும் கடையனுக்கும் எட்ட வேண்டும் என்னும் அறிவு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் ஓர் ஆட்சிக்கு இருந்தது. அதே தருமபுரி மண்ணில் 2018-இல் நடப்பட்ட அளவுக் கற்களோ, எழுத்தறிந்தவனுக்கும் ஏன் என்று சொல்லவில்லை.

எனவே, ஊர்மன்றக் கூட்டங்களில் இனித் தெருவிளக்கும் குடிநீரும் மட்டும் பேசப்பட்டால் போதாது. தம் ஊரைத் தொடும் ஒவ்வொரு சாலைத் திட்டத்தின் முழு அறிக்கையையும் தமிழில் தருமாறு தீர்மானம் இயற்றப்படல் வேண்டும். தம் ஊர்ச் சாலையில் ஓராண்டில் எத்துணைப் பேர் மாண்டனர், எத்திருப்பத்தில், எவ்விருட்டில் மாண்டனர் என்னும் பட்டியலை இளைஞர்கள் எடுத்துச் சட்டமன்ற உறுப்பினரின் மேசைமேல் வைத்தல் வேண்டும். அப்பட்டியலுக்கு விடை கூறாத எவரும் புதுச்சாலையின் அடிக்கல்லைத் தொடும் தகுதியுடையவர் அல்லர். பணம் தமிழனுடையது, நிலம் தமிழனுடையது, சாலையில் சிந்தும் குருதியும் தமிழனுடையது. எச்சாலைக்கு முதற்பணம் என்னும் முடிவும் அவனுடையதாகும் நாள்வரை இவ்வினா ஓயலாகாது.