மாட்டுக்கு எதுக்குய்யா ரம்பம்?

மொதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. கோனார் நோட்ஸ் இல்லாம ஒரு ஜோக்குக்குக் கூட சிரிக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற கோஷ்டிக்காக எழுதினது. மனசு புண்படும்னு நெனைக்கறவங்க இப்பவே அப்பீட் ஆயிடுங்க.

விஷயம் ஒரு மாட்டப் பத்தி. கேரி லார்சன்னு ஒரு அமெரிக்க கார்ட்டூனிஸ்ட். 'தி ஃபார் சைட்'ங்கற பேர்ல தினமும் பேப்பர்ல ஒரே ஒரு கட்டம் வரைவார். மாடு பேசும், பாம்பு குடும்பம் நடத்தும், குகை மனுசன் லெக்சர் அடிப்பான். 1982 அக்டோபர்ல ஒரு நாள் வந்த கட்டத்துல ஒரு மாடு ரெண்டு கால்ல நிக்குது. முன்னாடி ஒரு மேஜை. மேஜை மேல கோணல்மாணலா சில சாமான். கீழ 'மாட்டுக் கருவிகள்'னு அர்த்தம் வர்ற மாதிரி ரெண்டே வார்த்தை. அவ்ளோதான், முடிஞ்சது.

அந்த சாமான்கள்ல ஒண்ணு மட்டும் பாக்கறதுக்கு ரம்பம் மாதிரி இருந்து தொலைச்சுது. வந்தது வினை. ஒண்ணு ரம்பம்னா மத்ததெல்லாம் என்ன? ஜனங்க மண்டையப் பிச்சுக்கிட்டாங்க. பேப்பர் ஆபீசுக்கு போன் மேல போன், லார்சனுக்கு கடுதாசி மேல கடுதாசி. கடைசியில அந்தாளு உக்காந்து ஒரு விளக்கம் எழுதி பேப்பர்களுக்கு அனுப்பற நெலமை ஆயிடுச்சு. ஒரு மாட்டுக்கு!

விளக்கம் இதுதான். கருவி செய்யறது மனுசனுக்கு மட்டுமே உள்ள தெறமைன்னு ரொம்ப நாள் பீத்திக்கிட்டு இருந்தோம். 1960-ல ஜேன் குடால் ஆப்பிரிக்காவுல கோம்பே காட்டுல ஒரு சிம்பன்சி குச்சிய ஒடிச்சு, இலைய உருவிட்டு, புத்துக்குள்ள விட்டு கரையான் பிடிச்சுத் தின்னறதப் பாத்தாங்க. பெருமை காலி. சரி, ஒரு மாடும் கருவி செஞ்சா எப்படி இருக்கும்? கண்றாவியா இருக்கும். ஜோக்கு ஓவர்.

இதப் படிச்சுட்டு யாராச்சும் புதுசா சிரிச்சிருப்பாங்கங்கறீங்க? எனக்கு நம்பிக்கையில்ல. கடுதாசி போட்டவங்களுக்கு பதில் கெடச்சது, சிரிப்பு போச்சு.

ரம்பம் மாதிரி வரைஞ்சது தப்புதான்னு 1989-ல வந்த தன்னோட புத்தகத்துல லார்சனே வருத்தப்பட்டிருக்கார். இந்த எடத்துல நான் அவர் கட்சி இல்லீங்க. அந்த ரம்பம்தான் படத்தோட உயிரே. எல்லாமே புரியாம இருந்திருந்தா ஜனங்க பக்கத்தத் திருப்பிட்டு சினிமா விமர்சனத்துக்குப் போயிருப்பாங்க. ஒண்ணு மட்டும் அரைகொறையா புரிஞ்சதாலதான் கை பரபரன்னுச்சு. "அது கரண்டிடா", "லூசு, அது முதுகு சொறியறது", "மாடு எங்கடா முதுகு சொறியும், வால் இருக்கே?" இப்படி நாலு பேர் கூடி உளறிக்கிட்டு இருந்தா, அந்த நாலு பேரும் கார்ட்டூன முழுசா அனுபவிச்சுட்டாங்கன்னு அர்த்தம். இதுக்கு மேல அதுல புரிஞ்சுக்க ஒண்ணும் கெடையாது.

நம்ம பொழப்பு அப்படி, ஒத்துக்கறேன். ஸ்பெக் இல்லாம கோட் எழுதினா நமக்கு ஆப்பு. நாள் பூரா ஆணி புடுங்கற பயலுக்கு எதப் பாத்தாலும் "ரெக்வயர்மெண்ட் என்ன?"ன்னுதான் கேக்கத் தோணும். அதுக்காக காப்பி ஆறறதுக்குள்ள பாத்துட்டு மறக்கற ஒரு கட்டத்துக்குமா யூஸ் கேஸ் கேப்பீங்க?

கேள்வியே கேக்கக் கூடாதுன்னு சொல்லலை. எப்படி கேக்கறீங்கங்கறதுலதான் மேட்டர். லார்சன் ஒரு தடவை ஆம்பளக் கொசு நாள் பூரா ரத்தம் குடிச்சு களைச்சுப் போயி வீட்டுக்கு வர்ற மாதிரி வரைஞ்சார். உடனே கடுதாசி: கடிக்கறது பொம்பளக் கொசு மட்டும்தான், ஆம்பளக் கொசு கடிக்காது! கொசு வீடு கட்டி குடித்தனம் பண்றதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கலைன்னு லார்சன் சிரிச்சார். இந்த கடுதாசி எனக்குப் புடிச்சிருக்கு. இவங்க ஆட்டத்துக்குள்ள எறங்கி வந்து ஃபவுல் கேக்கறவங்க. வெளிய நின்னுகிட்டு ஆட்டத்தையே நிறுத்துன்னு கத்தறவங்க இல்ல.

இன்னும் ஒரு படி மேல போனவர் கென் கார்ப்பெண்டர். டைனோசர் ஆராய்ச்சிக்காரர். 1982-லயே வந்த இன்னொரு கட்டத்துல, ஸ்டெகோசாரஸ் வால்ல இருக்கற முள்ளுங்களக் காட்டி ஒரு குகை மனுசன் பாடம் நடத்துவான். அதுல குத்துப்பட்டு செத்த தாக் சிம்மன்ஸ் நெனவா அதுக்கு 'தாகோமைசர்'னு பேராம். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்து சுமார் 15 கோடி வருசம் ஆச்சு, அப்ப ஏதுய்யா மனுசன்னு சண்டைக்கு வர கார்ப்பெண்டருக்கு எல்லா உரிமையும் இருந்துச்சு. அவர் வரலை. அந்த முள்ளுக் கூட்டத்துக்கு தனியா ஒரு பேர் இல்லாததால, 1993-ல ஒரு ஆராய்ச்சி மாநாட்டுல அதே பேரச் சொல்லிட்டார். இன்னிக்கு டைனோசர் ஆளுங்க அத சகஜமா பொழங்கறாங்க. உளறலுக்கு எப்படி பதில் மரியாதை செய்யணும்னு இவர்கிட்ட கத்துக்கணும்.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்றது தப்பா?"ன்னு ஒரு அப்பாவி கேப்பார். தாராளமா சொல்லுங்க. ஆனா அந்த 'புரியல' அங்கயே நிக்காதுங்க, அடுத்தது 'தூக்கு'ன்னு வரும். லார்சன் மொதல்ல சியாட்டில் டைம்ஸ்ல வாராவாரம் 'நேச்சர்ஸ் வே'ன்னு வரைஞ்சுக்கிட்டு இருந்தார். புகார் வந்து 1979-ல தூக்கிட்டாங்க. நல்லவேளையா அந்த சமயத்துலயே ஸான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்ல எடம் கெடச்சது. அது மட்டும் இல்லைன்னா மாடும் இல்ல, ரம்பமும் இல்ல.

அந்த க்ரானிக்கிள்காரங்களும் ஒண்ணும் உத்தமர்கள் இல்ல. பில் கிரிஃபித் வரையற 'ஜிப்பி' அங்க வந்துக்கிட்டு இருந்துச்சு. கூம்புத் தலையன் ஒருத்தன் புள்ளி போட்ட அங்கிய மாட்டிக்கிட்டு சம்பந்தா சம்பந்தம் இல்லாம பேசிக்கிட்டே திரிவான். 2002-ல அத நிறுத்தினாங்க. கடுதாசி குவிஞ்சது, ராபர்ட் க்ரம்ப் கூட எழுதினார். பயந்து போயி திரும்பப் போட்டாங்க. 2004-ல மறுபடி தூக்கினாங்க. அப்ப எதிர்ப்பு மட்டும் வரலை, 'ரொம்ப நன்றி'ன்னும் கடுதாசி வந்துச்சாம்! அந்தப் பக்கத்துல இருந்த ஒரு துண்டு எடத்துல என்னய்யா உங்களுக்கு அவ்ளோ எரிச்சல்? படிக்காம தாண்டிப் போக எத்தன நொடி ஆகும்?

அதுக்காக உளறினதெல்லாம் ஒசத்தின்னு நான் சொல்ல வரலை. வெறும் ஸீன் போடற உளறலும் நெறைய இருக்கு. அதக் கண்டுபுடிக்க எங்கிட்ட ஒரே சோதனைதான்: பாத்ததும் பதிலுக்கு உளறணும்னு நாக்கு துடிக்குதா? துடிச்சா நல்ல சரக்கு. இல்லைன்னா விட்டுடலாம்.

இன்னொண்ணு. 1987-ல லார்சன் ஜேன் குடாலையே கிண்டல் பண்ணி ஒரு கட்டம் போட்டார். அவங்க பேர்ல இருக்கற நிறுவனத்து ஆளுங்க கொதிச்சுப் போயி வக்கீல் கடுதாசி அனுப்பினாங்க. அம்மணி பாத்துட்டு என்ன பண்ணாங்க? விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பின்னாடி லார்சன் தொகுப்பு ஒண்ணுக்கு முன்னுரையும் எழுதிக் குடுத்தாங்க. கருவி செய்யற கொரங்க நேர்ல பாத்தவங்க அவங்க. மாட்டப் பத்தி விளக்கம் கேட்டு கடுதாசி போட்டிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன்.

சரி, ரம்பத்துக்குப் பக்கத்துல கெடக்கற சாமான் எல்லாம் என்ன? என் கணக்குப்படி அதுல ஒண்ணு, பால் கறக்க வர்றவன் கைய தட்டிவிடறதுக்கு. தப்புன்னு தோணினா வாங்க, அடிச்சுக்கலாம்.